பெயர் பிழைத்த பெரணி

ஆற்றிலே படகு செல்லும்போது, நீர்மேல் மிதக்கும் செடிகள் இருபுறமும் விலகி வழிவிடும். படகு கடந்த சிறிது நேரத்தில் அவை மீண்டும் ஒன்றுகூடி நீரை மூடிக்கொள்ளும். இக்காட்சியைக் கண்டு பழகிய மலாய் மக்கள், உற்றாருக்குள் எழும் பூசல் நெடுநாள் நில்லாது, பிரிந்தோர் மீண்டும் கூடுவர் என்னும் கருத்தமைந்த பழமொழி ஒன்றை ஆக்கிக்கொண்டனர். அம்மிதக்கும் செடிகளை அவர்கள் கியாம்பாங் என்பர். ஆகாயத் தாமரைக்கும் அப்பெயர் உண்டு. சால்வீனியா என்னும் நீர்ப்பெரணிக்கும் அப்பெயரே உண்டு.

படகு விலக்கவியலாத கியாம்பாங்கும் உலகில் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், சால்வீனியா இனத்தைச் சேர்ந்த செடி ஒன்று இலங்கையின் நெல்வயல்களிலும், ஆப்பிரிக்காவின் கரிபா ஏரியிலும், கேரளத்தின் காயல்களிலும், நியூகினித் தீவின் செப்பிக் ஆற்றுச் சமவெளியிலும் பரவி, நீர்வழிகளை மூடிற்று. உழவரும் மீனவரும் செய்வதறியாது திகைத்தனர். அதனை அடக்க அறிஞர் எடுத்த முயற்சி பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பயனளிக்கவில்லை. அறிவோ உழைப்போ பொருளோ குறைந்ததனால் வந்த தோல்வி அன்று அது. செடிக்கு இட்டு வழங்கிய பெயர் தவறு. அதனால் அறிஞர் தேடிச் சென்ற இடமும் தவறாயிற்று. அப்பெயர் பிழைத்த வரலாறும், பிழை திருந்திய வரலாறும் அறியத்தக்கவை.

வேரில்லாச் செடி

பெரணிகள் பூப்பதில்லை, காய்ப்பதில்லை. செம்பனை மரத்தின் மட்டையடிகளிலும், தோட்டத்து வாய்க்கால் ஓரங்களிலும், காட்டு மரக்கிளைகளிலும் அவற்றைக் காணலாம். இலையின் அடிப்புறத்தில் பொடிபோல் தோன்றும் சிதல்களைக் காற்றில் உதிர்த்து இனம் பெருக்குவது அவற்றின் பொது இயல்பு. நிலத்திலும் மரத்திலும் வாழும் பெரணிகளே மிகுதி. நீர்மேல் மிதந்து வாழப் பழகியவை மிகச் சில. அவற்றுள் ஓர் இனமே சால்வீனியா.

இதன் தண்டு நீர்மட்டத்தை ஒட்டிக் கிடையாகப் படரும். தண்டின் ஒவ்வொரு கணுவிலும் மும்மூன்று இலைகள் உண்டு. அவற்றுள் இரண்டு பச்சை நிறத்தோடு நீர்மேல் மிதக்கும். மூன்றாவது இலை நீருக்குள் இறங்கி, நூல் நூலாகப் பிரிந்து பழுப்பு நிறத்தோடு தொங்கும். முதன்முறை காண்பவர் அதனை வேர் என்றே கருதுவர். ஆயின் அஃது உருமாறிய இலையே. சால்வீனியாவுக்கு உண்மையான வேர் கிடையாது. சிதல் தாங்கும் சிறு பைகளும் அந்நீர்மூழ்கு இலையிலேயே தோன்றும்.

மிதக்கும் இலையின் மேற்புறம் முழுதும் நுண்ணிய மயிர்கள் நிறைந்துள்ளன. சில வகைகளில் ஒவ்வொரு மயிரும் நான்கு கிளையாகப் பிரிந்து, நுனியில் மீண்டும் ஒன்றுகூடும். முட்டையை நுரைக்க அடிக்கும் கம்பிக் கருவியை அவ்வடிவத்துக்கு ஒப்பிடலாம். வேறு சில வகைகளில் கிளைகள் நுனியில் கூடாமல் தனித்தனியே நிற்கும். இம்மயிர்கள் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்வதால் இலை நனைவதில்லை. அமுக்கினாலும் மீண்டும் மேலே வரும். மயிரின் நுனி வேறுபாடு சிறிதாயினும், வகை பிரிப்போர்க்கு அது முதன்மையான அடையாளமாயிற்று.

சால்வீனியா இனத்தில் பத்து அல்லது அதற்குச் சற்று மிகுதியான வகைகள் உள்ளன. சால்வீனியா நட்டான்ஸ் என்பது ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் வளர்வது. கிண்ணம்போல் குவிந்த இலையுடைய சால்வீனியா குக்குலாட்டா தெற்காசியாவுக்கும் தென்கிழக்காசியாவுக்கும் உரியது. பிற வகைகளுள் பல அமெரிக்கக் கண்டத்தின் வெப்பநாடுகளைச் சேர்ந்தவை. இவ்வினத்தின் புதைபடிவங்கள் கிரெட்டேசியக் காலத்தின் பிற்பகுதிப் பாறைகளிலேயே கிடைக்கின்றன. சீனத்திலும் வியட்நாமிலும் நெல்வயலுக்குப் பசுந்தாள் உரமாகப் பயன்படும் அசோலா என்னும் நீர்ப்பெரணி இதற்கு நெருங்கிய உறவு. ஒரே குடியிற் பிறந்த இரண்டனுள், ஒன்று வயலுக்கு உரமாகவும் மற்றொன்று வயலுக்குக் கேடாகவும் அமைந்தது வியப்பே.

மொழியாசிரியரின் பெயர்

இவ்வினத்தின் பெயர் ஒரு மொழியாசிரியரின் பெயரால் ஆனது என்பது தமிழாசிரியர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில் 1653 முதல் 1729 வரை வாழ்ந்தவர் அந்தோனியோ மரியா சால்வீனி. இவர் கிரேக்க மொழிப் பேராசிரியர்; ஹோமரின் காப்பியங்களை இத்தாலிய மொழியில் பெயர்த்தவர். அந்நகரின் தாவர அறிஞர் மிக்கேலி தம் ஆராய்ச்சிக்கு இவர் அளித்த உதவியைப் போற்றி, 1729இல் வெளியிட்ட நூலில் ஒரு நீர்ச்செடிக்குச் சால்வீனியா என்று பெயர் சூட்டினார். சொல்லை ஆராய்ந்தவரின் பெயரைத் தாங்கிய செடி, பின்னாளில் ஒரு சொல்லின் பிழையாலேயே உலகை அலைக்கழித்தது.

1775இல் பிரெஞ்சுத் தாவர அறிஞர் ஓப்லே, தென்னமெரிக்காவின் வடகரையிலுள்ள பிரெஞ்சுக் கயானாவின் செடிகளைப் பற்றிய நூலை வெளியிட்டார். அதில் ஒரு நீர்ப்பெரணியைச் சால்வீனியா ஆரிகுலாட்டா எனக் குறித்தார். சிறு செவி போன்றது என்பது அவ்விலத்தீன் அடைமொழியின் பொருள். அதன் பின்னர், அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்த, கூடிய நுனி மயிருடைய சால்வீனியா எதுவாயினும் அதனை ஆரிகுலாட்டா என்றே குறிப்பது வழக்கமாயிற்று. பிழையின் வித்து ஊன்றப்பட்டது இங்கேதான்.

இலங்கையில் முதற்கேடு

தாயகத்துக்கு வெளியே இச்செடி நிலைகொண்டதாக முதன்முதல் அறியப்பட்ட நாடு இலங்கை. 1939இல் கொழும்பில் தாவரவியல் கற்பிக்கும் பொருட்டு அது கொண்டுவரப்பட்டது. கல்விக்கென வந்த செடி தொட்டியோடு நிற்கவில்லை. வாய்க்கால்களில் புகுந்து, வெள்ளத்தோடு வயல்களை அடைந்தது. 1950களின் நடுவில் ஏறத்தாழ 22,000 ஏக்கர் நெல்வயலிலும், ஏறத்தாழ 2,000 ஏக்கர் நீர்நிலையிலும் அது படர்ந்திருந்தது.

நாற்று நடுமுன் செடியை அள்ளிக் கரையில் குவிப்பது உழவர்க்குப் பெரும் பணியாயிற்று. இன்று அள்ளிய வயலில் அடுத்த மழையோடு அது மீண்டும் வரும். பூச்சிமருந்துபோல் களைமருந்தும் தெளித்துப் பார்த்தனர். மருந்து பட்ட இடத்தில் செடி மடியும். படாத மூலையில் ஒட்டிநின்ற ஒரு துண்டு மீண்டும் குளத்தை நிரப்பும். இச்செடியையும் அன்று எல்லாரும் ஆரிகுலாட்டா என்றே நம்பினர்.

கரிபா ஏரி

ஆப்பிரிக்காவின் சாம்பெசி ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட கரிபா அணை 1958 டிசம்பரில் மூடப்பட்டது. இன்று அதன் ஒருகரையில் சாம்பியாவும் மறுகரையில் சிம்பாப்வேயும் உள்ளன. ஆற்றுநீர் தேங்கி, உலகின் மிகப்பெரிய செயற்கை ஏரிகளுள் ஒன்று உருவாகத் தொடங்கியது. மூழ்கிய காடுகளும் புல்வெளிகளும் அழுகிப் புதுநீருக்கு மிகுந்த சத்தை அளித்தன. 1959 மே மாதம் அந்நீரில் சால்வீனியா காணப்பட்டது. ஆற்றின் மேற்பகுதியில் முன்னரே இருந்த செடி, அணை அமைத்துக் கொடுத்த அமைதியான நீரில் தனக்கேற்ற இடம் கண்டது.

1962இல் அது ஏறத்தாழ 1,000 சதுரக் கிலோமீட்டர் பரப்பை மூடியிருந்தது. அன்றைய ஏரியின் ஐந்தில் ஒரு பங்கு அது. சிங்கப்பூர்த் தீவின் பரப்பைவிட அது மிகுதி என்றால் அதன் அளவு விளங்கும். பின்னர் நீரின் சத்துக் குறையக் குறைய, அலையும் காற்றும் வலுக்க, செடியின் பரப்பும் சுருங்கிற்று. ஆயினும் கரிபாவின் காட்சி உலக அறிஞரை விழிக்கச் செய்தது. ஆப்பிரிக்காவில் பலர் அதனைக் கரிபாக் களை என்றனர். கேரள மக்களோ ஆப்பிரிக்கன் பாயல் என்றனர். அது கரிபாவில் பிறந்ததும் அன்று. ஆப்பிரிக்காவில் பிறந்ததும் அன்று. நூற்பெயர் பிழைத்ததுபோலவே ஊர்ப்பெயரும் பிழைத்தது.

பெருகும் வகை

இத்துணை விரைவில் ஒரு செடி பரவுவது எங்ஙனம்? அதன் தண்டு எளிதில் ஒடியக்கூடியது. கணுவும் மொட்டும் உள்ள சிறு துண்டு ஒன்று பிரிந்தால் அதுவே தனிச்செடி. வெப்பமும் சத்தும் நிறைந்த நீரில் இச்செடி இரண்டு மூன்று நாள்களில் இருமடங்காகும். மூன்று நாளுக்கு ஒருமுறை இருமடங்கு என்று கொண்டாலும், தடையின்றி வளரும் ஒரு செடி முப்பது நாளில் 1,024 ஆகும். அறுபது நாளில் பத்து இலட்சத்தைத் தாண்டும். பள்ளிக் கணக்கில் வரும் பெருக்குத் தொடரை இயற்கையே குளத்தில் எழுதிக் காட்டுவது போன்றது இது.

இடம் மிகுதியாக உள்ளபோது இலைகள் சிறியவையாய்த் தட்டையாய் மிதக்கும். நெருக்கம் கூடும்போது இலைகள் பெரியவையாகி, நடுநரம்பில் மடிந்து நிமிர்ந்து நிற்கும். ஒரே செடியின் இளமைத் தோற்றத்தையும் நெருக்கத் தோற்றத்தையும் அருகருகே வைத்தால் வேறு வேறு வகை என்றே தோன்றும். ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி ஒரு மீட்டர் கனம்வரை மெத்தைபோல் அமைவதும் உண்டு. அம்மெத்தையின்கீழ் ஒளி புகாது. நீரில் உயிர்வளி குறையும். மீன் பிழைப்பது அரிது. யானைக்கால் நோயைப் பரப்பும் மான்சோனியாக் கொசுவின் புழுக்கள் நீர்ச்செடிகளைத் துளைத்து மூச்சுக்காற்றைப் பெறுவன; அவற்றுக்கு இச்செடி நல்ல உறைவிடம்.

தவறிய தேடல்

பிற நாட்டிலிருந்து வந்த களை, தன் தாயகத்தில் அத்துணைக் கேடு செய்வதில்லை. அங்கே அதனைத் தின்று அளவுக்குள் வைக்கும் உயிர்கள் உண்டு. செடி மட்டும் கடல்கடந்து, பகை கடவாமல் நின்றுவிடுவதே அதன் பெருக்கத்துக்குக் காரணம். எனவே தாயகத்துக்குச் சென்று அதன் இயற்கைப் பகையைக் கண்டு, பயிர்களுக்குத் தீங்கு செய்யாதது என்று சோதித்து, கொண்டுவந்து விடுவது ஒரு முறை. இதனை உயிரியல் முறைக் களைக்கட்டுப்பாடு என்பர்.

1960களின் தொடக்கத்தில் அறிஞர் இவ்வழியை நாடினர். ஆரிகுலாட்டாவின் தாயகம் தென்னமெரிக்காவின் வடபகுதி எனப் பெயரே சொல்லிற்று. ஆகவே டிரினிடாட் தீவிலும் கயானா முதலிய நாடுகளிலும் தேடினர். அங்கே ஆரிகுலாட்டாவைத் தின்னும் மூன்று பூச்சிகள் கிடைத்தன. பவுலினியா அக்குமினாட்டா என்னும் வெட்டுக்கிளி ஒன்று. சாமியா மல்டிபிளிக்காலிஸ் என்னும் அந்துப்பூச்சி ஒன்று. சிர்ட்டோபேகஸ் சிங்குலாரிஸ் என்னும் கூன்வண்டு ஒன்று.

அவற்றைப் பல நாடுகளில் விட்டுப் பார்த்தனர். ஆப்பிரிக்காவில் கூன்வண்டு விடப்பட்டது. 1970களில் இலங்கையிலும் கேரளத்திலும் வெட்டுக்கிளி விடப்பட்டது. சில இடங்களில் பூச்சி நிலைக்கவில்லை. நிலைத்த இடங்களிலும் செடி அடங்கவில்லை. பூச்சி தின்னும் வேகத்தைவிடச் செடி வளரும் வேகமே மிகுதியாயிருந்தது. உயிரியல் முறை இக்களைக்குப் பயன்படாது என்ற எண்ணமும் எழுந்தது.

செடிக்குப் புதுப்பெயர்

இதற்கிடையே, களையைப் பற்றிய கவலை சிறிதுமின்றிச் செடியின் உறுப்புகளை மட்டும் நுணுகி நோக்கியவர்களின் பணி ஒருபுறம் நடந்துவந்தது. 1962இல் அர்ஜெண்டினாத் தாவர அறிஞர் தே லா சோட்டா, ஆரிகுலாட்டா என்று ஒரே பெயரில் வழங்கியது ஒரு வகையன்று, பல வகைகளின் தொகுதி என்று காட்டினார். சிதல்பைகளின் வடிவும் அவை அமைந்துள்ள முறையும் வகைக்கு வகை மாறுபடுவதை அவர் கண்டார்.

1966இல் இந்திய அறிஞர் லாயலும் கிரேவாலும், ஆரிகுலாட்டா எனப்பட்ட செடியின் அணுக்களை ஆராய்ந்து வெளியிட்டனர். சால்வீனியாவின் நிறக்கோல்கள், அதாவது குரோமோசோம்கள், ஒன்பது ஒன்பதாகத் தொகுதியமைந்தவை. அவர்கள் ஆராய்ந்த செடியில் ஐந்து தொகுதி, மொத்தம் 45 நிறக்கோல்கள் இருந்தன. ஐந்து என்பது ஒற்றை எண். இணை இணையாகப் பிரியவேண்டிய நிறக்கோல்கள் இணையின்றித் தடுமாறுவதால், நல்ல சிதல்கள் உருவாவதில்லை. செடி மலடு. அப்படியாயின், கண்டம் கண்டமாகப் பரவியவை எல்லாம் ஒடிந்த துண்டுகளின் வழித்தோன்றல்களே ஆகும்.

கரிபா ஏரியின் களையை நெடுநாள் ஆராய்ந்த மிட்செல் என்பார் 1972இல் இறுதி முடிவைக் கூறினார். இக்களை ஆரிகுலாட்டா அன்று. இதுவரை எந்த அறிஞரும் பெயரிடாத தனிவகை என்றார். அதற்குச் சால்வீனியா மொலெஸ்டா என்று பெயர் சூட்டினார். தொல்லை தருவது என்பது அதன் பொருள். இரு வகைகள் கலந்து பிறந்த கலப்புச்செடியாக இருக்கலாம் என்றும் கருதினர்.

இப்பெயர் மாற்றம் ஏட்டளவில் நின்றிருந்தால் அதனால் உழவர்க்கு என்ன பயன்? ஆனால் அதிலிருந்து ஒரு கேள்வி பிறந்தது. களை வேறு வகை என்றால், அதன் தாயகம் எது? இதுவரை தேடிய நாட்டில் அது விளைவதே இல்லையே.

பிரேசில் நாட்டுக் கூன்வண்டு

விடை காண ஆஸ்திரேலிய நாட்டின் அரசு ஆராய்ச்சி அமைப்பான சிசைரோவைச் சேர்ந்த அறிஞர் புறப்பட்டனர். 1978இல் வெண்டி போர்னோ, கென் ஹார்லி ஆகியோர் பிரேசில் நாட்டின் தென்கிழக்குக் கரைப்பகுதியில் மொலெஸ்டா இயல்பாக விளைவதைக் கண்டறிந்தனர். டிரினிடாட்டுக்குத் தெற்கே பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிலம் அது. அங்கே செடி இருந்தது. ஆனால் நீரை மூடி அழிக்கவில்லை. ஜோயின்வில்லி என்னும் ஊர்ப்பக்கத்தில் அதனைத் தின்னும் கரிய கூன்வண்டு ஒன்று கிடைத்தது. அதன் நீளம் இரண்டு மில்லிமீட்டர் அளவே.

இங்கே இரண்டாவது பெயர்ப்பிழை குறுக்கிட்டது. அவ்வண்டு, முன்னர் ஆப்பிரிக்காவில் விட்டுப் பயன்படாத சிங்குலாரிஸ் வண்டைப் போலவே தோன்றியது, அப்பெயராலேயே குறிக்கவும்பட்டது. தோற்ற வண்டுதானே என்று பெயரை மட்டும் நம்பி ஒதுக்கியிருந்தால் கதை அத்துடன் முடிந்திருக்கும். ஆராய்ச்சியாளர் ஒதுக்கவில்லை. மொலெஸ்டாவின் தாயகத்தில், மொலெஸ்டாவின் மீதே வாழ்ந்த வண்டு என்பதனால் அதனைச் சோதிக்க முனைந்தனர். பல்வேறு பயிர்ச்செடிகளை அதன்முன் வைத்துப் பார்த்து, பிறவற்றுக்குத் தீங்கு செய்யாது என்று தெளிந்தனர்.

1980 ஜூன் மாதம், ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து மாநிலத்து மவுண்ட் ஐசா நகருக்கு அருகிலுள்ள மூண்டாரா ஏரியில் வண்டுகள் விடப்பட்டன. அவ்வேரியில் 200 எக்டேர் பரப்பில் ஏறத்தாழ 18,000 டன் சால்வீனியா மிதந்தது. வளர்ந்த வண்டு இளமொட்டுகளைத் தின்றது. அதன் புழு தண்டுக்குள் துளைத்துச் சென்றது. மொட்டு அழிந்த செடி பெருக வழியின்றிக் கறுத்து, கனத்து, நீரில் ஆழ்ந்தது. பதினான்கு மாதங்களுக்குள் அவ்வளவு செடியும் அழிந்து ஏரி தெளிந்தது.

வெற்றிக்குப் பின்னர் வண்டையும் நுணுகி ஆராய்ந்தனர். அது சிங்குலாரிஸ் அன்று, தனிவகையே என்று கால்டரும் சாண்ட்சும் 1985இல் நிறுவி, சிர்ட்டோபேகஸ் சால்வீனியே எனப் பெயரிட்டனர். பழைய வண்டு பெரும்பாலும் இலையையே தின்பது. இலை போனாலும் மொட்டு உள்ளவரை செடி தளிர்க்கும். புதிய வண்டோ மொட்டையும் தண்டையும் தாக்குவது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்கு மிகச் சிறிது. பயனில் மிகப் பெரிது.

செப்பிக் ஆற்றங்கரையில்

மூண்டாரா ஏரியில் அழிந்தது களை மட்டுமே. பாப்புவா நியூகினியின் செப்பிக் ஆற்றிலோ மக்களின் வாழ்வே தத்தளித்தது. அங்கே 1970களின் தொடக்கத்தில் புகுந்த செடி, அப்பத்தாண்டின் முடிவுக்குள் ஏறத்தாழ 250 சதுரக் கிலோமீட்டர் நீர்ப்பரப்பை மூடிற்று. அம்மக்களுக்கு ஆறே சாலை, தோணியே வண்டி. மீன்பிடிக்கவும், சவ்வரிசி தரும் சேகோப் பனைகளுக்குச் செல்லவும், சந்தைக்கும் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் போகவும் நீரையே நம்பியிருந்தனர். செடியின் மெத்தை தோணியை நகரவிடவில்லை. சில ஊர்களை மக்கள் விட்டு நீங்கவும் நேர்ந்தது.

அங்கும் கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டனர். முதலில் அது நிலைக்கவில்லை. காரணத்தை ஆராய்ந்தபோது, அந்நீரில் வளர்ந்த செடிகளில் நைட்ரஜன் சத்து மிகக் குறைவு என்பதும், அச்செடியைத் தின்ற வண்டு போதிய முட்டையிட்டுப் பெருக இயலாது என்பதும் தெரியவந்தன. ஆராய்ச்சியாளர் சிறுபகுதிச் செடிகளுக்கு யூரியா உரத்தை இட்டனர். களைக்கு உரமிடுவது கண்டு நகைப்பார் இருந்திருப்பர். ஆனால் சத்துள்ள செடியைத் தின்று வண்டு பெருகிற்று. ஓர் அளவைத் தாண்டியபின் உரமின்றியே பெருகும் நிலையை அடைந்தது. வண்டு குடியேறிய செடிகளைச் சாக்குகளில் நிரப்பிப் படகேற்றி, பிற நீர்நிலைகளுக்கும் கொண்டுசென்று விட்டனர். 1980களின் நடுவில், ஏறத்தாழ இருபது இலட்சம் டன் செடி அழிந்து, மூடுண்ட பரப்பு மிகச் சிறிதாகச் சுருங்கியது. தோணிகள் மீண்டும் ஓடின. இப்பணிக்காக ஆஸ்திரேலிய ஆராய்ச்சிக் குழுவினர்க்கு 1985இல் யுனெஸ்கோ அறிவியல் பரிசு வழங்கப்பட்டது.

கேரளமும் இலங்கையும்

கேரளத்தில் இச்செடி 1955இல் திருவனந்தபுரத்தை அடுத்த வேளிக் காயலில் காணப்பட்டது. பத்து ஆண்டுகளுக்குள் குட்டநாட்டு வயல்களுக்கும் கால்வாய்களுக்கும் பெருந்தொல்லையாயிற்று. கடல்மட்டத்துக்குத் தாழ்ந்த அந்நிலத்தில் புஞ்சைப் பருவத்து நெல் விதைக்குமுன் பாயலை அள்ளி அகற்றும் கூலி உழவர் தலையில் விழுந்தது. உப்புநீர் இச்செடிக்கு ஆகாது. கடல்நீர் உட்புகுவதைத் தடுக்க 1970களில் அமைந்த தண்ணீர்முக்கம் தடுப்பணை நெல்லுக்கு நன்மை செய்தது. மிதக்கும் களைகளுக்கும் அதுவே துணையாயிற்று.

ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்த கூன்வண்டு, சோதனைக்குப்பின் 1983, 1984ஆம் ஆண்டுகளில் பெங்களூரிலும் கேரளத்திலும் விடப்பட்டது. பெங்களூரில் அல்லிக்குளம் ஒன்றில் மூடிக்கிடந்த சால்வீனியா ஓராண்டுக்குள் அழிந்து, அல்லி மீண்டும் தழைத்தது. கேரளத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் வண்டைப் பெருக்கி நீர்நிலைகளில் பரப்பினர். சில ஆண்டுகளில் குட்டநாட்டின் பெரும்பகுதியில் பாயல் அடங்கிற்று.

கேடு முதலில் தோன்றிய இலங்கைக்கு 1986இல் வண்டு சென்றது. 1939இல் வந்த செடிக்கு 47 ஆண்டுகளின்பின் அதன் பகை வந்து சேர்ந்தது. அங்கு அதன் பயனைக் கணக்கிட்ட பொருளியலார், செலவிட்ட பொருளைப்போல் ஐம்பது மடங்குக்கு மேற்பட்ட நன்மை கிடைக்கும் என மதிப்பிட்டனர். வயலிலிருந்து களை அள்ளிய கைகளுக்குக் கிடைத்த ஓய்வை அக்கணக்கு முழுதும் கூறாது.

இன்றைய நிலை

கூன்வண்டு செடியை அடியோடு ஒழிப்பதில்லை. செடி குறைந்தால் வண்டும் குறையும். செடி பெருகினால் வண்டும் பெருகும். இரண்டும் ஓர் அளவில் நின்று வாழ்வதே இம்முறையின் இயல்பு. குளிர்மிகுந்த இடங்களில் வண்டு எளிதில் நிலைப்பதில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டின் டெக்சாஸ், லூசியானா மாநிலங்களில் கடுங்குளிர் வரும்போதெல்லாம் அது மடிவதால், மீண்டும் மீண்டும் வளர்த்து விடவேண்டியுள்ளது. நீரில் கழிவும் உரமும் கலப்பது நிற்காதவரை, ஒரு களை நீங்கிய இடத்தில் மற்றொன்று வந்து அமரும். குட்டநாட்டில் பாயல் குறைந்தபின் வெங்காயத் தாமரை பல இடங்களில் தலைதூக்கியது இதற்குச் சான்று.

தொல்லை தரும் செடியிலிருந்தும் மாந்தர் கற்பது உண்டு. நீருக்குள் அமுக்கினாலும் பல நாள் காற்றைப் பிடித்துவைக்கும் அதன் இலைமயிர்களை ஜெர்மானிய அறிஞர் ஆராய்ந்து, 2010இல் அதன் நுட்பத்தை விளக்கினர். மயிர் முழுதும் நீரை விலக்க, கூடிய நுனி மட்டும் நீரைப் பற்றி நிற்கிறது. அப்பற்றினால் காற்றுப்படலம் நழுவாது நிலைக்கிறது. கப்பலின் அடிப்புறத்தில் நீரின் உராய்வைக் குறைக்க இந்நுட்பம் உதவுமா என்று ஆராய்ந்து வருகின்றனர். வகை பிரிக்க அடையாளமாக நின்ற அதே மயிர்நுனிதான் இங்கும் பொருளாயிற்று.

பெயரின் பொறுப்பு

ஒரு செடியின் பெயர் ஆரிகுலாட்டாவா, மொலெஸ்டாவா என்று ஏட்டறைக்குள் எழுந்த வினா, தொலைவிலிருந்து நோக்குவார்க்கு வீண்சொல்லாட்டமாகத் தோன்றலாம். அவ்வினாவுக்கு உரிய விடை கிடைக்காதவரை அறிஞர் தவறான நாட்டில் தேடினர். தவறான பூச்சியைக் கொணர்ந்தனர். உழவரின் வயலும் மீனவரின் ஆறும் மூடியே கிடந்தன. விடை கிடைத்த ஒன்பதாண்டுகளில் முதல் ஏரி தெளிந்தது. சிதல்பையை எண்ணியவரும், நிறக்கோலை எண்ணியவரும், மயிர்நுனியை நோக்கியவரும் செப்பிக் ஆற்றைக் கருதி அப்பணியைச் செய்தவர் அல்லர். ஆயினும் அவ்வாற்றில் தோணி ஓடியதற்கு அவர்கள் பணியும் ஒரு காரணம்.

சால்வீனியா மலேசிய நாட்டுக் குளங்களிலும் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளிலும் காணக்கூடிய செடியே. மாணவர் அதனைக் கையிலெடுத்து, மூன்று இலைகளை எண்ணி, வேர்போல் தொங்குவது வேரன்று என்று கண்டு, கைக்கண்ணாடியால் மயிரின் நுனி கூடியிருக்கிறதா பிரிந்திருக்கிறதா என்று பார்க்கலாம். பார்த்தபின் குளத்திலோ வாய்க்காலிலோ எறியாமல் வெயிலில் உலர்த்திவிடுதல் வேண்டும். கொழும்பில் 1939இல் பாடத்துக்காக வந்த செடி அவ்வாறு உலர்த்தப்பட்டிருந்தால், 22,000 ஏக்கர் வயல் பிழைத்திருக்கும்.